கோடில்லாத புதன்கிழமைகள்

எண்பதுகளின் தொடக்கத்தில், பள்ளிபாளையத்துக்கும் ஜேடர்பாளையத்துக்கும் நடுவே காவிரிக்கரையில் இருந்த ஒரு குடிநீர் நிலையத்தில் தற்காலிக ஆய்வக உதவியாளராக இருந்தேன். ஆற்றுத் தண்ணீர் குடிக்கத் தகுந்ததுதான் என்று மாதாமாதம் அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. வாயாடி என்று பெயர் வாங்கியிருந்தேன். வாங்காமல் இருந்திருந்தால்தான் வெட்கப்பட்டிருப்பேன்.

ஆற்றுத் தண்ணீரை ஊருக்கு ஏற்றும் மோட்டார் அறையில் ஒரு இயந்திரம் இருந்தது. தண்ணீரில் உப்பு ஏற ஏற அதன் ஊசி மேலே போகும். சுழலும் காகிதச் சுருளில் இரவும் பகலும் மைக்கோடு இழுத்துக்கொண்டே இருக்கும். அதற்கு உப்பைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஆனால் ஆற்றின் மேல்பக்கம் இருந்த சாயப்பட்டறைகளிலிருந்து கழிவு வந்தால் உப்பும் சேர்ந்துதான் வரும். தினமும் காலையில் மட்டும் மோட்டார் அறைக்குப் போய்ப் பாட்டிலில் தண்ணீர் எடுத்துவந்து சோதிப்பேன். ஆறு மாதம் அப்படிச் செய்து, ஊசி இந்த இடத்தில் நின்றால் கழிவு ஏறக்குறைய இவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். காகிதத்தைப் பார்த்தே ஆறு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

கோடு மட்டும் அங்கங்கே விட்டுப்போயிருக்கும். ஓரத்தில் மோட்டார் ஆபரேட்டர் "மெஷின் ரிப்பேர்" என்று எழுதியிருப்பார். விட்டுப்போன நேரத்தைத் தள்ளிவிட்டு மிச்சத்துக்குச் சராசரி எடுப்பது அலுவலக வழக்கம். நானும் அப்படியே எடுத்தேன். சராசரி நல்லபடியாகவே வந்தது.

ஒருநாள் நான்கு மாதச் சுருள்களை மேசைமேல் அடுத்தடுத்து விரித்துப் பார்த்தேன். விட்டுப்போனதெல்லாம் புதன்கிழமை மத்தியானம். இயந்திரம் கிழமை பார்த்தா கெட்டுப்போகும்? நேராக ஆபரேட்டரிடம் போய்க் கேட்டேன்.

"ரிப்பேரெல்லாம் ஒண்ணுமில்லீங்க அம்முணி. பொதங்கெழமயானா பட்டறைல தொட்டி கழுவி உடறாங்க. ஊசி விசுக்குனு போயி ஓரத்துல முட்டிக்கிட்டு நிக்குது. ஊசி ஒடஞ்சா மெட்ராசுல இருந்து வரோணும், ஒடச்சீங்கன்னா உங்களச் சும்மா உடமாட்டேன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க? அதான் ஊசியக் காயிதத்துல படாம தூக்கி வெச்சுப்போடுவனுங்க."

சொன்னவள் நான்தான். ஆறு மிக மோசமாக இருந்த நேரத்தையெல்லாம் அந்த நல்ல மனிதர் எனக்குப் பயந்து காகிதத்தில் விழாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் ஊரே குடிக்கலாம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவமானமாக இருந்தது. பிறகு கோபம் வந்தது. கோபம் எனக்கு எப்போதும் சௌகரியம்.

அந்த மாத அறிக்கையில் விட்ட இடங்களை நிரப்பினேன். ஊசி ஓரத்தில் முட்டியது என்றால் கழிவு அந்த அளவாவது இருந்திருக்க வேண்டும். அதற்கு மேல் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அதற்குக் கீழே இல்லை என்பது தெரியும். அதை அப்படியே எழுதி, புதன் மத்தியானம் தண்ணீர் ஏற்றக் கூடாது என்றும் சேர்த்தேன்.

அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார்.

"கோடே இல்லாத இடத்துக்கு எப்படிம்மா நம்பர் போட்டே? இது வெறும் ஊகம்."

"கோடு இல்லீங்க சார். தண்ணி இருந்துச்சுங்களே."

"சராசரி சரியா இருக்கு. அதை மட்டும் எழுது."

"சராசரிய யாருங்க சார் குடிக்கறாங்க?"

நிரந்தரம் ஆக வேண்டியவர்களின் பட்டியல் தன் மேசையில் இருப்பதை அவர் நினைவூட்டினார். அறிக்கை மூன்று முறை திரும்பி வந்தது. மூன்று முறையும் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் அனுப்பினேன். என் பழைய நான்கு அறிக்கைகளும் தவறு என்று எழுதி, அதையும் கூடவே இணைத்தேன்.

காகிதம் இப்படிப் போய் வந்துகொண்டிருக்கும்போதே அடுத்த புதன்கிழமை வந்துவிட்டது. மத்தியானச் சோற்றைக் கட்டிக்கொண்டு மோட்டார் அறைக்கே போய் உட்கார்ந்தேன். ஊசி ஏற ஆரம்பித்ததும் ஆபரேட்டர் என் முகத்தைப் பார்த்தார்.

"தூக்கட்டுங்களா அம்முணி?"

"ஊசியத் தொடாதீங்கண்ணா. மோட்டார நிறுத்துங்க."

அவர் தயங்கினார். "கேட்டா யாரு சொன்னாங்கன்னு சொல்றதுங்க?"

குறிப்பேட்டை இழுத்து, நேரத்தையும், மோட்டார் என் உத்தரவின் பேரில் நிறுத்தப்பட்டது என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உத்தரவு போட எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது. அது அவருக்கும் தெரியும். சுவிட்சை இறக்கினார். ஊசி ஓரத்தில் முட்டி நடுங்கியபடி அங்கேயே கோடு இழுத்தது. உடைந்தால் உடையட்டும்.

அந்த வருடம் நிரந்தரப் பட்டியலில் என் பெயர் இல்லை. ஆனால் புதன்கிழமைதோறும் மத்தியானம் மோட்டார் நின்றது.