நானே எழுதிய ‘இல்லை’

பாரம், படிவம் என்று எதையும் நிரப்புவதில் எங்கள் பள்ளியில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. கந்தர்வக்கோட்டைப் பக்கத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை நான். மற்ற வகுப்புகளில் பாரங்கள் நாலு நாள் மேஜையில் கிடக்கும். என் வகுப்புக் கட்டு அன்று சாயங்காலமே தலைமை ஆசிரியர் கைக்குப் போய்விடும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

போன வருஷம் மழைக்காலத்தில் பிள்ளைகள் வரிசையாகக் காய்ச்சலில் படுத்தார்கள். ஒரு தொண்டு அமைப்பினர் ஃப்ளூ தடுப்பூசி போட முன்வந்தார்கள். பெற்றோர் சம்மதத்துக்கு ஒரு பாரம் கொடுத்தார்கள். எங்கள் பிள்ளைகளின் அம்மாக்கள் விடிந்தால் வேலைக்குப் போகிறவர்கள். "கையெழுத்த மட்டும் போட்டு அனுப்புங்க, மத்தத நான் எழுதிக்கிறேன்" என்று சொல்லி அனுப்பினேன். மறுநாளே எல்லாப் பாரமும் வந்துவிட்டது.

அதில் ஒரு கேள்வி, முட்டை சாப்பிட்டால் தடிப்போ மூச்சுத்திணறலோ வருமா என்று. தினமும் சத்துணவில் முட்டை போடுகிறோம், தட்டுகள் காலியாகத்தான் திரும்புகின்றன. பேருக்கு வகுப்பில் ஒரு தடவை கேட்டேன். யாரும் கை தூக்கவில்லை. எல்லாப் பாரத்திலும் மளமளவென்று ‘இல்லை’ எழுதிவிட்டேன்.

ஊசி போடும் நாளில் என் வகுப்பின் ஒல்லிப் பெண் ஒருத்தி, அழாமல் போட்டுக்கொண்டு சட்டைக் கையை இறக்கிவிட்டபடி நகர்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் என்னிடம் வந்து சர்வசாதாரணமாகச் சொன்னாள்.

"டீச்சர், அவ முட்ட திங்க மாட்டா. தின்னா மூஞ்சி வீங்கிரும். தெனமும் எனக்குத்தான் குடுப்பா."

நர்ஸிடம் ஓடினேன்.

"பாரத்துல இல்லைன்னு இருக்கே டீச்சர்?"

"நான்தாம்மா எழுதுனேன்."

அவர் ஒரு நொடி என்னை நிமிர்ந்து பார்த்தார். "பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா தெரிஞ்சிருந்தா டாக்டர்கிட்டக் கேட்டுட்டுப் போட்டிருப்போம். இங்கிட்டு உக்கார வச்சு மூஞ்சியவே பாத்துக்கிட்டிருங்க. ஒதடு வீங்குனாலோ மூச்சு வாங்குனாலோ ஒடனே கூப்புடுங்க" என்றார். அவசர மருந்துப் பெட்டியைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

வராந்தாவில் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் கொட்டாவி விட்டால் பயந்தேன், இருமினால் பயந்தேன். ஒரு தடவை கழுத்தைச் சொறிந்தாள். நர்ஸைக் கூப்பிட்டுக் கத்தியே விட்டேன். பார்த்தால் கொசுக்கடி. இந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவள் அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன் என்பதைத் தவிர வேறொன்றும் மனதில் ஓடவில்லை.

"அன்னைக்கு நான் கேட்டப்ப ஏன்டி கை தூக்கல?" என்றேன். கோபமாகக் கேட்க நினைத்தேன், குரல் அழுகையாக வந்தது.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "சொன்னா எனக்கு முட்டைய நிறுத்திருவீங்க. முட்ட குடுக்கலன்னா அவ என்னையப் பக்கத்துல சேத்துக்க மாட்டா டீச்சர்."

அரை மணி போனது. நர்ஸ் இன்னொரு அரை மணி இருக்கச் சொன்னார். உதடு அப்படியே இருந்தது, மூச்சு சீராக வந்தது. "இனி பயமில்ல, வகுப்புக்குப் போகட்டும்" என்றார். அதற்குப் பிறகுதான் அவள் மணிக்கட்டை விட்டேன்.

போன் போட்டுச் சொன்னதில் அவள் அம்மா முந்திரி உடைக்கிற இடத்திலிருந்து நேராக ஓடி வந்தார். பட்ட இடமெல்லாம் பொத்துப்போகும் முந்திரித் தோல் எண்ணெயில் விரலெல்லாம் கறுத்திருந்தது. அந்தக் கையால் மகளைத் தொடாமல், முழங்கையால் அவள் தலையை இழுத்து அணைத்துக்கொண்டார். நான் ஒன்றையும் மறைக்கவில்லை. உங்களைக் கேட்காமல் எழுதினேன், தப்பு முழுக்க என்மேல்தான், என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

அவர் என்னைச் சமாதானப்படுத்தத் தொடங்கினார். "அழுவாதீங்க டீச்சர். ஒங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுது? நீங்க எது செஞ்சாலும் சரியாத்தான் இருக்கும்."

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவர் காதில் ஏறவில்லை. நாளைக்கும் நான் எதை நீட்டினாலும் கேட்காமல் கையெழுத்துப் போடுவார். அந்த ஒரு மணி நேரத்தில் படாத பயம் அப்போதுதான் வந்தது எனக்கு.