ஓரிக்கை வீட்டுச் சாட்சி

நான் அதிகம் பேசமாட்டேன். இந்த வயதிலும் அப்படித்தான். சின்னப் பெண்ணாக இருந்தபோது வீட்டில் என்னை ஊமைக்கோட்டான் என்றுதான் கூப்பிடுவார்கள். நாலாம் வகுப்பு படிக்கும்போது அந்தக் குணத்துக்காகவே என்னைப் புறாப் பந்தயத்துக்குச் சாட்சியாகச் சேர்த்தார்கள். பேசாத பிள்ளை பொய் சொல்லாது என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

அப்பா தறி நெய்கிறவர். ஆனால் மனசெல்லாம் மொட்டைமாடியில் இருந்த புறாக்கூண்டில்தான். பெரிய காஞ்சிபுரத்திலும் சுற்றுவட்டத்திலுமாகப் புறா வளர்க்கிறவர்கள் அப்போது ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களை எல்லாம் சேர்த்து, ஓங்கோலில் இருந்து புறா விடுகிற பந்தயம் ஒன்றை நடத்திக் காட்ட வேண்டும் என்று ஒரு மாதமாக அலைந்தார். தறியில் பாவு போட்டது போட்டபடி கிடந்தது. அம்மா கேட்டால், முதலில் புறா வந்து சேரட்டும் என்பார்.

கூடைகளோடு ரயிலேறிப் போய், விடிந்ததும் எல்லாப் புறாவையும் ஒரே நேரத்தில் திறந்துவிடுவது பெரியப்பாவின் வேலை. புறா தன் வீட்டுக் கூண்டுக்குள் நுழைந்தால்தான் வந்ததாக அர்த்தம். கூரைமேல் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தாலும் வராத புறாதான். நுழைந்த நேரத்தை வளர்க்கிறவரே சொன்னால் யார் நம்புவார்கள்? அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் பந்தயத்தில் சேர்ந்த வேறு வீட்டுப் பிள்ளை ஒன்று டைம்பீஸோடு போய் உட்கார வேண்டும் என்று முடிவாயிற்று. புறா நுழைந்த நேரத்தையும், அதன் இறக்கையில் குத்தி அனுப்பிய முத்திரை எண்ணையும் அந்தப் பிள்ளைதான் சீட்டில் எழுத வேண்டும்.

யார் எந்த வீட்டுக்கு என்று எங்கள் வாசலில் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். எனக்குப் பக்கத்து ஊரான ஓரிக்கை வந்தது.

ஓரிக்கைக்காரர் சைக்கிள் ரிப்பேர் செய்கிறவர். காலனியில் வீடு. அவருடைய சாம்பல் பெட்டைப் புறாவை அந்த வருஷம் யாரும் முந்த முடியாது என்று அப்பாவே சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் எல்லாரும் பாயில் உட்கார்ந்து பேச, அவர் மட்டும் எப்போதும் தெருவில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். உடனே கிளம்ப வேண்டிய அவசரம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

சீட்டைப் படித்த அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே அம்மா பாத்திரத்தை வைத்த சத்தம் பலமாகக் கேட்டது. பிறகு அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு புதிதாக ஒரு விதி சொன்னார். சாட்சிக்குப் போகிற பிள்ளைகள் போன வீட்டில் எதுவும் சாப்பிடக் கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, மீறினால் அந்த வீட்டுப் புறா பந்தயத்தில் இல்லை. நாளைக்கு யாரும் பிள்ளைகளை வளைத்துப்போட்டதாகப் பேச்சு வரக் கூடாது பாருங்கள் என்றார். நல்ல யோசனை என்று எல்லாரும் தலையாட்டினார்கள். ஓரிக்கைக்காரர் சைக்கிள் பெல்லின் மூடியைத் திருகிக்கொண்டே நின்றார்.

"சரிணா. நல்ல ரூலுதான்," என்றார்.

பந்தயத்தன்று காலை எட்டு மணிக்கு அப்பா என்னை அவர் வீட்டில் விட்டார். விதியை மறுபடி ஒருமுறை காதில் சொல்லிவிட்டு, தன் புறாவைப் பார்க்கத் திரும்பிப் போனார். அம்மா கொடுத்தனுப்பிய கூஜாத் தண்ணீர் பத்து மணிக்கே தீர்ந்துவிட்டது. புழக்கடையில் கூண்டுக்கு எதிரே எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். முருங்கை மரத்து நிழல் நகர்ந்து போனபின் வெயில் நேராகத் தலையில் இறங்கியது. நிழலுக்குத் தள்ளி உட்காரச் சொன்னார்கள். தள்ளிப் போனால் கூண்டு வாசல் தெரியாது. நான் அசையவில்லை.

அந்த வீட்டு அம்மா ஒரு டம்ளரில் மோர் கொண்டுவந்து தயங்கி நின்றாள். நான் தலையை ஆட்டினேன். டம்ளரைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். அவள் கணவர் வடக்கே வானத்தைப் பார்த்தபடி நடந்துகொண்டே இருந்தார். பதினொன்றரை ஆனது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மடியில் இருந்த டைம்பீஸ் கையில் சுட்டது.

பன்னிரண்டு அடித்துச் சற்று நேரத்தில் அவர் நின்றுவிட்டார். வானத்தில் ஒரு புள்ளி. அது பெரிதாகி, வட்டமடித்து, பக்கத்து வீட்டு ஓட்டின்மேல் போய் உட்கார்ந்தது. சாம்பல் பெட்டை. அலகைத் திறந்து மூச்சு வாங்கியது. கூண்டு பத்தடி தூரம்தான். இறங்கவில்லை. அவர் கம்பு போட்ட டப்பாவை மெதுவாகக் குலுக்கினார். "தா தா தா" என்றார். தெருவில் எல்லாரையும் வாயை மூடச் சொல்லியிருந்தார்கள். எனக்குக் கண்ணின் ஓரத்தில் இருட்டு வந்து வந்து போயிற்று. விழுந்துவிடாதே, விழுந்தால் பார்க்க முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புறா இறங்கியது. கூண்டுக்குள் நுழைந்தது. பன்னிரண்டு பதினொன்று.

அவர் அதைக் கையில் ஏந்தி வந்து இறக்கையை விரித்து, "எழுதிக்கோ பாப்பா," என்றார். எண்ணைப் பார்த்தேன். பென்சில் கையில் இருந்து நழுவியது. தரை எழும்பி வந்தது.

கண் விழித்தபோது அந்த அம்மாவின் மடியில் கிடந்தேன். அவள் கையில் சொம்பு இருந்தது. ஆனால் அதை என் வாயருகே கொண்டுவராமல் கணவரைப் பார்த்தாள்.

"ரூலு இருக்குதே," என்றாள்.

அவர் கையில் இருந்த புறாவைப் பார்த்தார். அதன் கால்கள் இன்னும் வெடவெடத்துக்கொண்டிருந்தன. பிறகு புறாவை அவளிடம் கொடுத்துவிட்டுச் சொம்பைத் தானே வாங்கினார்.

"வாயத் தொற பாப்பா. பொறா கெடக்குது."

சொம்பு காலியாகும்வரை குடித்தேன். அப்புறம் எண்ணையும் நேரத்தையும் எழுதினேன். கிளம்பும்போது அந்த அம்மா குனிந்து, தண்ணீர் விஷயத்தை அங்கே சொல்லாதே கண்ணு என்றாள். அவர் அவளை அதட்டினார்.

"கொழந்தைகிட்ட அதெல்லாம் சொல்லிக்கினு இருக்காத. கேட்டா, நடந்தது எதுவோ அதச் சொல்லட்டும்."

சாயங்காலம் எங்கள் வாசலில் சீட்டுகளைப் படித்தார்கள். ஓரிக்கைப் புறாதான் முதல். அப்பாவுடையது ஒன்பது நிமிஷம் பின்னால், இரண்டாவது. புறாக்காரர்களில் ஒருவரான பஸ் கண்டக்டர் எழுந்து போய் ஓரிக்கைக்காரரின் சைக்கிள் சீட்டைத் தட்டிக்கொடுத்தார். பிறகு விதிப்படி ஒவ்வொரு சாட்சியையும் கேட்டார்கள். அடுத்த தெரு ஜவுளிக்கடைக்காரர் வீட்டுக்குப் போன என் சித்தப்பா பெண்ணின் வாயோரத்தில் கேசரி ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் இல்லவே இல்லை என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அதோடு விட்டுவிட்டார்கள்.

என் முறை வந்தது. அப்பா காகிதத்தை மடித்தபடியே, "நீ எதுனா குடிச்சியாம்மா?" என்றார்.

"தண்ணி," என்றேன்.

காகிதத்தை மடிக்கிற கை நிற்கவில்லை. அப்பா காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் சத்தமாகச் சொன்னேன். அத்தனை பேருக்கு முன்னால் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

தெருவில் இருந்து ஓரிக்கைக்காரர் சொன்னார். "நான்தாங்க குட்த்தேன். கொழந்த மயக்கம் போட்டுடுச்சி. தப்புன்னா தப்புதான்."

வெறும் தண்ணீர்தானே என்றார் கண்டக்டர். விதி விதிதான் என்றார் ஜவுளிக்கடைக்காரர். எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா சீட்டுகளை எடுத்து அடுக்கத் தொடங்கினார். பந்தயக் கப் அப்பாவுக்கு வந்தது. வாங்கும்போது அவர் சிரிக்கவில்லை. விதியை மீறிவிட்டேன் என்று என்மேல் கோபம் என்று நினைத்து, இரண்டு நாள் அவர் கண்ணில் படாமல் இருந்தேன்.

அடுத்த வருஷம் மறுபடி வாசலில் கூடினார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அப்பா விதிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். தண்ணீர் விதி அதில் இல்லை. என்னால்தான் எடுத்துவிட்டார்கள் என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சீட்டுக் குலுக்கலும் இல்லை. பிள்ளைகளை வெயிலில் தூரமாக அனுப்ப வேண்டாம், அவரவர் தெருவுக்குள்ளேயே சாட்சி வைத்துக்கொள்ளலாம் என்று படித்தார்.

ஓரிக்கைக்காரர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "எங்க தெருவுல வேற யாரும் பொறா வளக்கலியேணா. அப்ப என் ஊட்டுக்கு யாரு வருவாங்க?"

அப்பா காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பார்க்கலாம்பா," என்றார்.

இதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. இப்போதுதான் தண்ணீர் குடிக்கலாமே. நான் போகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அப்பாவே கூப்பிடுவார், கூப்பிட்டதும் போய்விடலாம் என்று பாவாடையைச் சரிசெய்துகொண்டு கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தேன்.