நெட்டையனுக்காக விழித்த காலைகள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மாசி மாதத்தில் ஒரு சாயங்காலம், வேலை முடிந்து பொள்ளாச்சி ரோட்டில் வந்துகொண்டிருந்த என் கணவர், குறுக்கே ஓடிய நாய்க்காக பிரேக் போட்டு வண்டியோடு சரிந்து விழுந்தார். ஹெல்மெட் இருந்ததால் தலை தப்பியது. வலது தோள் எலும்பு உடைந்துவிட்டது. கோவையில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள்.

நாங்கள் கிணத்துக்கடவில் குடியிருக்கிறோம். அவர் பம்ப்செட் பாகங்கள் கடையும் பட்டறையில் லேத் ஓட்டுபவர். தையல் பிரித்து, கழுத்திலிருந்து கையைத் தாங்கிய பட்டையையும் கழற்றிய பிறகுதான் உண்மையான கஷ்டம் தொடங்கியது. கை தோள் உயரத்துக்குக்கூட எழவில்லை. பிசியோதெரபி செய்ய வந்த பெண், சுவரில் விரலால் மெல்ல மெல்ல ஏறச் சொல்வார். ஜன்னல் கம்பியில் கயிறு கட்டி, நல்ல கையால் இழுத்து, கெட்ட கையை மேலே தூக்கச் சொல்வார். என் கணவர் வலியில் பல்லைக் கடிப்பார்.

"வலிக்கத்தானுங்ணா செய்யும். இப்ப விட்டுப்போட்டா தோள் அப்படியே இறுகிக்கும். அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாதுங்ணா" என்று அந்தப் பெண் பொறுமையாகத்தான் சொன்னார்.

இவர் இரண்டு வாரம் செய்தார். பிறகு அந்தப் பெண் வரும் நேரத்தில் தூங்குவதுபோல் படுத்துக்கொள்ள ஆரம்பித்தார். கடைசியில் "இனி வர வேண்டாமுங்க, நானே பாத்துக்கறேன்" என்று அனுப்பியே விட்டார். சட்டை மாட்டவும் தலை சீவவும் நான் வேண்டும். அதைக் கேட்பதற்கே அவருக்குக் கூச்சம். சீவாத தலையோடு நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் கெஞ்சினேன், திட்டினேன், ஒரு நாள் அழுதும் பார்த்தேன். எதுவும் நடக்கவில்லை.

இங்கே என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சரவணம்பட்டிப் பக்கம் உள்ள ஒரு கம்பெனிக்காக வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். அமெரிக்காவில் நடக்கும் பேஸ்பால் ஆட்டங்களைப் பார்த்து, எறியப்படும் ஒவ்வொரு பந்தும் எப்படிப்பட்டது, எங்கே போனது என்று கம்ப்யூட்டரில் குறிப்பதுதான் வேலை. சேரும்போது எனக்கு அந்த ஆட்டத்தில் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. ஒருவர் மேடான இடத்தில் நின்று பந்தை எறிவார், எதிரே ஒருவர் மட்டையோடு நிற்பார், அவ்வளவுதான் தெரிந்தது. போகப்போகப் புரிந்தது. அங்கே ஒவ்வொரு பெரிய அணிக்கும் கீழே படிப்படியாகச் சின்ன அணிகள் இருக்கின்றன. இளம் வீரர்கள் கீழ்ப்படியில் சேர்ந்து, நன்றாக ஆடினால் அடுத்த படிக்குப் போவார்கள். எனக்குக் கொடுத்தது அந்தச் சின்ன அணிகளின் ஆட்டங்கள். பாதிக்கு மேல் காலி நாற்காலிகள் உள்ள மைதானங்கள். அவர்களுக்குச் சாயங்காலம் என்றால் நமக்கு விடியற்காலை. காப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஐந்து மணிக்கு உட்காருவேன்.

சித்திரை மாதம். அன்று காலை அவர் தூக்கம் வராமல் எழுந்து வந்து என் பின்னால் நின்றார். திரையில் ஒரு பையன் எறிந்துகொண்டிருந்தான். நல்ல உயரம், ஒல்லி. எறிந்த பந்தெல்லாம் எங்கெங்கோ போனது. ஒரு பந்து மட்டைக்காரரின் விலாவிலேயே பட்டது. பயிற்சியாளர் வந்து பந்தை வாங்கிக்கொண்டு அவனை அனுப்பிவிட்டார். அவன் போய் பெஞ்சில் உட்கார்ந்து, தலைமேல் துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டான். கேமரா கொஞ்ச நேரம் அவன் மேலேயே நின்றது.

"ஏன் அம்மணி, அந்தப் பையனுக்கு என்ன ஆச்சு?" என்றார். பல நாட்களுக்குப் பிறகு அவராகக் கேட்ட கேள்வி.

"தோள்ல ஆபரேஷனுங்க. வருசக்கணக்குல ஆடாம இருந்துபோட்டு இன்னைக்குத்தான் வந்திருக்கறான்னு சொல்றாங்க."

"எந்தத் தோளு?"

"வலதுதானுங்க."

மறுநாள் விடியற்காலையில் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்த நெட்டையன் இன்னைக்கு வருவானா?" என்றார். ஒரு தடவை எறிந்தவனுக்குச் சில நாள் ஓய்வு கொடுத்துத்தான் மறுபடி இறக்குவார்கள் என்று சொன்னேன். "அவனுக்கு மட்டும் லீவு குடுக்கறாங்க பாரு" என்றார். விபத்துக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்றை அன்றுதான் பார்த்தேன்.

அன்றிலிருந்து அவனுக்குப் பெயர் நெட்டையன். அடுத்த தடவை கொஞ்சம் பரவாயில்லாமல் எறிந்தான். அதற்கடுத்த தடவை ஒரு மட்டைக்காரரை ஏமாற்றி வெளியேற்றினான். என் கணவர் இடது கையால் தொடையில் தட்டினார். ஒரு நாள் நான் வேலையில் மூழ்கியிருந்தபோது பின்னால் கிறீச் என்று சத்தம். திரும்பிப் பார்த்தால், ஜன்னலில் கட்டிய கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறார், கண் திரையில் இருந்தது. நான் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

வைகாசி கடைசியில் அந்தப் பிசியோதெரபி பெண்ணை அவரே போன் செய்து கூப்பிட்டார். அவர் வந்து பார்த்துவிட்டு, தாமதமானாலும் தோள் இன்னும் முழுதாக இறுகவில்லை, விடாமல் செய்தால் சரியாகும் என்றார். நெட்டையன் எறியும் நாட்களில் இவர் உடற்பயிற்சியைத் திரைக்கு முன்னாலேயே வைத்துக்கொண்டார். அவன் பந்தைக் கையில் எடுக்கும்போது இவர் சுவரில் விரலை வைப்பார்.

ஆனி மாதத்தில் நெட்டையனை அடுத்த படிக்கு உயர்த்தினார்கள். ஆபரேஷனுக்கு முன் அவன் ஆடிய அதே அணி. அன்று நான் வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டேன். என்ன விசேஷம் என்று கேட்ட பக்கத்து வீட்டு அக்காவிடம், தெரிந்த பையனுக்கு வேலை உயர்வு என்று சொல்லிச் சமாளித்தேன். அதே வாரத்தில் என் கணவர் கழுத்தை வளைத்துக் குனிந்து தானாகத் தலை சீவிக்கொண்டார். வகிடு கோணலாக இருந்தது. நான் திருத்தவில்லை.

ஆனால் எனக்கு மட்டும் ஒன்று தெரிந்தது. மேல்படிக்குப் போனபின் நெட்டையனின் பந்து வேகம் குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு பந்தையும் குறிக்கிறவள் நான். எதிரணி அவனை விளாசியது. என் கணவர் மைதானத்தைக் குறை சொன்னார், நடுவரைக் குறை சொன்னார். நான் தலையாட்டினேன்.

ஆடி மாதம், ஒரு திங்கட்கிழமை. வேலை தொடங்கும் முன் எங்கள் குழுவோடு போனில் பேசும் வழக்கம் உண்டு. அன்றைய ஆட்டங்களைப் பிரித்துக் கொடுக்கும்போது குழுத் தலைவர் போகிற போக்கில் சொன்னார். "அந்த உயரமான பையனை அணியிலிருந்து எடுத்துட்டாங்க. இனி அவன் கணக்கு வேண்டாம்." அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். முகம் தெரிந்த ஒருவரை வேலையைவிட்டு அனுப்பியதுபோல் இருந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று. டாக்டர் மறுபடி பார்க்க இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. அப்போதுதான் இவர் கை காது வரை எழத் தொடங்கியிருந்தது. இது தெரிந்தால் கயிற்றைக் கழற்றி வீசிவிட்டு மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாரோ?

கம்பெனியில் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க, பழைய ஆட்டங்களைச் சேர்த்து வைத்திருப்பார்கள். அதில் தேடி, நெட்டையன் அடிபடுவதற்கு முன்பு இதே அணிக்காக ஆடிய ஆட்டங்களை எடுத்தேன். அதே உடை, அதே மைதானம். "ஏனுங்க, நெட்டையன் வந்துட்டானுங்க" என்று கூப்பிட்டேன். வந்து உட்கார்ந்தார். கயிற்றைப் பிடித்தார். சில நாட்கள் கழித்து இன்னொரு ஆட்டம். பிறகு இன்னொன்று. பழைய நெட்டையன் காற்றைக் கிழித்துக்கொண்டு எறிந்தான். இவர் தொடையில் தட்டினார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவரிடம் இப்படி நாள்கணக்கில் பொய் சொன்னதில்லை.

டாக்டரைப் பார்க்கப் போன அன்று, அவர் கையை மேலே தூக்கச் சொன்னார். இவர் தூக்கினார். முழுதாக இல்லை, ஆனால் தலைக்கு மேலே போய்விட்டது. டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, அடுத்த மாதத்திலிருந்து எடை தூக்காத வேலைக்குப் போகலாம் என்றார். வெளியே வந்து உக்கடத்தில் பஸ் ஏறும் முன் ஒரு பேக்கரியில் உட்கார்ந்தோம். டீயும் பப்ஸும் சொன்னார். வலது கையால் கிளாஸைத் தூக்கிக் குடித்தார். அதைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை.

"ஏனுங்க, ஒண்ணு சொல்லோணும். நெட்டையன எப்பவோ டீமை விட்டு அனுப்பிச்சுட்டாங்க. நான்தான் பழைய மேட்ச்சாப் போட்டு உங்களை ஏமாத்திப்போட்டேன்."

அவர் பப்ஸைப் பிட்டுக்கொண்டே சொன்னார். "தெரியும் அம்மணி."

"எப்படீங்க?"

"நீ வெச்ச மொத மேட்ச்சுலயே தெரிஞ்சுபோச்சு. பாக்கற சனமெல்லாம் ஸ்வெட்டர் போட்டுட்டு உக்காந்திருந்துது. அங்க இப்ப நல்ல வெயில் காலம்னு நீதான சொன்னே. அதுவுமில்லாம திடீர்னு அந்த வேகம் எங்கிருந்து வரும்? அன்னைக்கே போன்ல தேடிப் பாத்துட்டேன்."

"அப்புறம் ஏனுங்க சொல்லலை?"

டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அன்னைக்கு எல்லாத்தையும் விட்டுப்போடலாம்னுதான் இருந்தேன், கண்ணு. அவனே போயிட்டான், நாமெங்க தேறப் போறோம்னு ஆயிருச்சு. நீ அஞ்சு மணிக்கு எந்திரிச்சு, எனக்காகத் தேடி எடுத்து வெச்சுட்டு, நெட்டையன் வந்துட்டானுங்கன்னு சிரிச்சுட்டே கூப்புடறே. அந்த மொகத்தப் பாத்துட்டு எப்படி விடறது? கயித்தப் புடிச்சு இழுத்தேன். இழுக்க இழுக்க, அவன் நின்னுட்டா நான் ஏன் நிறுத்தோணும்னு தோணிருச்சு."

பேக்கரியில் அத்தனை பேர் நின்றிருக்க, புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அவரைத் தாங்குவது நான்தான் என்று அத்தனை நாளும் நினைத்திருந்தேன். என் பொய் உடைந்துவிடாமல் அவரும் ஒரு பக்கம் தாங்கிப் பிடித்திருக்கிறார். அதுவும் உடைந்த தோளோடு.

பஸ்ஸில் வரும்போது, "அந்தப் பையனுக்கு நாலு வார்த்தை எழுதிப் போடு அம்மணி" என்றார். இன்ஸ்டாகிராமில் அவன் பக்கத்தைத் தேடி, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன். தென்னிந்தியாவில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்ன ஊரில் நானும் என் கணவரும் உன் ஆட்டங்களை ஒன்றுவிடாமல் பார்த்தோம், உன்னைப் பார்த்துத்தான் அவர் தன் கையைத் தூக்க ஆரம்பித்தார், இன்று டாக்டர் வேலைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார் என்று எழுதினேன். பதில் வரும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

பத்துப் பதினைந்து நாள் கழித்து வந்தது. இப்போது ஊரில் அப்பாவோடு கூரை வேயும் வேலைக்குப் போவதாகவும், அடுத்து என்ன செய்வதென்று இன்னும் முடிவு செய்யவில்லை என்றும் எழுதியிருந்தான். திரும்பி வந்து ஆடிய அந்த முதல் ஆட்டத்தைத் தன் வாழ்க்கையிலேயே மோசமான நாள் என்று நினைத்திருந்தானாம். அன்று தன் அம்மாவைத் தவிர வேறு யாரும் தன்னைக் கவனித்திருக்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தானாம். உங்கள் கணவரின் தோளைப் பற்றி நீங்கள் எழுதியதை அம்மாவிடம் காட்டினேன், அவர் அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறார் என்று முடித்திருந்தான். நான் தமிழில் சொல்லச் சொல்ல, என் கணவர் வாசலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

ஆவணியில் அவர் மறுபடி பட்டறைக்குப் போனார். கை இன்றும் முழுதாக நேராக எழாது. மழைக்காலத்தில் வலிக்கும். ஆனால் லேத் ஓட்டுகிறார், வண்டி ஓட்டுகிறார். நான் இன்றும் அதே வேலைதான் செய்கிறேன். வருடா வருடம் புதுப்புதுப் பையன்கள் வருகிறார்கள். அவர்களில் மேல்படி வரை போகிறவர்கள் மிகச் சிலர்தான், மற்றவர்கள் ஒரு நாள் சத்தமில்லாமல் காணாமல் போவார்கள் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். ஆனாலும் காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஒருவன் வந்து பந்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம், தோற்றுப்போகிற ஒருவனின் முயற்சிகூட அவனுக்கே தெரியாத ஏதோ ஒரு வீட்டில் யாரையோ எழுந்து நிற்க வைக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறேன். அதனால்தான் அவன் எறியும் எந்தப் பந்தையும் என்னால் அலட்சியமாகக் குறிக்க முடிவதில்லை.