வியாபாரி அட்டை

செங்கம் சாலையை ஒட்டிய எங்கள் குடியிருப்புக்கு நான்தான் செயலாளர். 'அனுமதி இல்லாத வியாபாரிகள் உள்ளே வரக் கூடாது' என்று கேட்டில் பலகை மாட்டியவனும் நான்தான். அதில் எனக்குப் பெருமை வேறு.

ஒரு நாள் காலையில், அவித்த வேர்க்கடலைக் கூடையோடு ஒரு பெண் உள்ளே வந்தார். அனுமதி இருக்கிறதா என்று மடக்கினேன். சுருக்குப் பையிலிருந்து மாநகராட்சி கொடுத்த வியாபாரி அட்டையை எடுத்து நீட்டினார். நான் அதை எதிர்பார்க்கவில்லை. அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ரோட்ல விக்கறதுக்குத்தாம்மா, கேட்டுக்குள்ள செல்லாது" என்றேன். அப்படி ஒரு விதி உண்டா என்று எனக்கே தெரியாது.

"சரிங்க சார்" என்று திரும்பிப் போனார்.

அடுத்த மாதம், பௌர்ணமி அன்னதானத்துக்காக ரசீதுப் புத்தகத்தோடு அடி அண்ணாமலையில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். அதற்கு என்னிடம் எந்த அனுமதியும் கிடையாது. யாரும் கேட்கவும் இல்லை.

ஒரு வீட்டில் கதவைத் திறந்தவர் அதே பெண். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. இன்று என்னை மடக்குவார் என்று நினைத்தேன்.

"உள்ள வந்து உக்காருங்க சார், வெயிலு ஜாஸ்தியா இருக்குது" என்றார். முறம் நிறைய அரிசி கொண்டுவந்து என் பையில் கொட்டினார்.

ரசீதில் எழுதப் பெயர் கேட்டேன்.

"அன்னைக்கு அட்டையில பாத்தீங்களே சார்" என்றார்.

குத்திக்காட்டவில்லை. நான் படித்திருப்பேன் என்று நிஜமாகவே நினைத்திருந்தார்.