கெட்டிக் கஞ்சி

எனக்குச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் வேலை. ஈரமண் அடைத்துக்கொண்டால் தண்ணீரைப் பீய்ச்சி இறக்கிவிடுவோம். பக்கவாதம் வந்து அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் என் புத்தி அப்படித்தான் போனது.

அவர் விழுங்குவதைச் சோதித்த தெரபிஸ்ட் அம்மா, "தண்ணியா குடுத்தா நுரையீரலுக்குப் போயிடும், கஞ்சி கெட்டியாவே இருக்கட்டும்" என்று சொல்லியிருந்தார். அப்பா ஒவ்வொரு வாய்க்கும் திணறினார். எனக்கோ ஷிப்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அரை டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கலக்கினேன். மடமடவென்று இறங்கியது. அவர் இருமக்கூட இல்லை.

மறுநாள் அவருக்குக் காய்ச்சல். தெரபிஸ்ட் வந்து, "ஐயா, உங்க பேரைச் சொல்லுங்க" என்றார். அப்பாவின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் களகளத்தது. அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

"கஞ்சியில தண்ணி கலந்தீங்களா?"

"இல்லைங்க."

அப்பா கோணிய வாயால், "நான்தாம்மா ஊத்தச் சொன்னேன்" என்றார்.

அவர் என்னிடம் அப்படிச் சொல்லவே இல்லை.

காய்ச்சல் தணிய ஒரு வாரமானது. அதன்பிறகு ஷிப்டை மாற்றிக்கொண்டு, கெட்டிக் கஞ்சியை முக்கால் மணி நேரம் உட்கார்ந்து ஊட்டினேன். அப்பா எனக்காகச் சொன்ன அந்தப் பொய்யைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

இப்போதெல்லாம் என் தவறால் பெல்ட் நின்றுபோனால், யாரும் கேட்பதற்கு முன்பே "நான்தாங்க" என்று சொல்லிவிடுகிறேன். அந்த அம்மாவிடம் மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.