தூக்க வேண்டாம்

சட்டைக் கம்பெனியின் மூன்றாம் மாடியில் காலர் தைக்கும் அந்தப் பெண்ணுக்கு வாரம் முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. தீ ஒத்திகை வரப்போகிறது. எந்த நாள், எந்த நேரம் என்று சொல்ல மாட்டார்கள். சைரன் அடித்ததும் மாடியில் இருக்கிற அத்தனை பேரும் படியிறங்கி வாசலுக்கு வந்துவிட வேண்டும். சைரன் ஓய்வதற்குள் வர முடியாதவர்களுக்கு இனி மாடியில் வேலை இல்லை. போன மாதம் அயர்ன் பகுதியில் ஒரு வயர் கருகிப் புகைந்த பிறகு முதலாளிக்கு வந்த ஞானம் இது.

அவளுடைய இடது காலைச் சிறு வயதிலேயே போலியோ தின்றுவிட்டது. தொடையிலிருந்து பாதம் வரை இரும்புக் காலிப்பர். எழுந்து நின்றால் முட்டியில் இருக்கும் பூட்டு தானாக விழுந்து, கால் கம்பு மாதிரி நேராகிவிடும். உட்கார வேண்டுமானால் அதைக் கையால் தூக்கிவிட வேண்டும். இரண்டுக்கும் 'டிக்' என்று ஒரு சத்தம். அதனால் கம்பெனியில் அவளுக்கு டிக்டிக் என்று பெயர். வைத்தவள், பக்கத்து மெஷினில் பட்டனுக்குக் காஜா எடுக்கிறவள்.

"நீ வர்றது முன்னாடியே தெரிஞ்சுடுதுக்கா. சூப்பர்வைசர் வர்றதுதான் தெரிய மாட்டேங்குது. அவருக்கும் ஒண்ணு மாட்டிவிடணும்" என்பாள் காஜாக்காரி.

இந்தக் கிண்டல் டிக்டிக்குக்குப் பிடிக்கும். கிண்டல் செய்கிறவர்கள் அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள். மற்றவர்களோடுதான் பாடு. புருஷனோடு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் அவனிடம், "இவங்க எங்க இறங்கணும்?" என்று கேட்பார். "கால்தான் சார் இப்படி, வாய் நல்லாத்தான் இருக்கு" என்று பலமுறை சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது.

மெஷினுக்கு ஒரு கால் போதும். வலது கால் மிதிக்க, பதினெட்டு வயதிலிருந்து அவள் தைத்துக்கொண்டிருக்கிறாள். கீழே அனுப்பினால் பேக்கிங்தான். சட்டையை மடித்து, குண்டூசி குத்தி, பெட்டியில் போடுவது. அங்கே போனவர்கள் யாரும் மறுபடி மெஷினில் உட்கார்ந்ததில்லை.

பாதுகாப்பு அதிகாரி அவளுக்கென்று ஒரு ஏற்பாடு செய்திருந்தார். அயர்ன் போடுகிற அண்ணன் தம்பி இரண்டு பேரும் அவளை நாற்காலியோடு தூக்கி இறக்குவார்கள். மாடியில் அவர்களைப் பெரிய அயர்ன், சின்ன அயர்ன் என்பார்கள்.

"சார், நின்னு இறங்கினாத்தான் நேரமாகும். நான் படியில உட்கார்ந்தே வேகமா இறங்கிடுவேன்" என்றாள். "சின்ன வயசுல இருந்து வீட்ல அப்படித்தான்."

"உட்கார்ந்தா? எல்லார் முன்னாடியும் தேய்ச்சுக்கிட்டா? வேணாம்மா. பார்க்கவே கஷ்டமா இருக்கும்."

"யாருக்கு சார்?"

அவர் சிரித்தார். நல்ல மனிதர்தான். "ரெண்டு ஆம்பளைங்க எதுக்கு இருக்காங்க? நீங்க பேசாம உட்காருங்க, அது போதும்."

அதுதான் அவளுக்கு முடியாத காரியம். போன மாதம் புகை வந்தபோது பெரிய அயர்ன் அவளை அரிசி மூட்டை மாதிரி தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். படிக்கட்டு தலைகீழாகத் தெரிந்தது. பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அவன் கால் தடுக்கினால் முதலில் சுவரில் மோதுவது அவள் தலை. சாகப்போகிறோம் என்று அவள் நினைத்தது புகையால் அல்ல, அந்தத் தோளால். இப்போதும் கண்ணை மூடினால் அந்தப் படிகள் மேலே மேலே ஏறி வருகின்றன.

வீட்டில் சொல்லிப் பார்த்தாள். புருஷன் கூரியர் பைகளைப் பிரித்துக்கொண்டே, "தூக்குறாங்கன்னா விடேன். நீ என்ன நடந்தா போகப்போற?" என்றான்.

"ஒருநாள் உங்களைத் தூக்கச் சொல்றேன். அப்பத் தெரியும்."

"என்னைத் தூக்க நாலு பேர் வேணும்."

"அந்த நாலு பேர் எப்ப வருவாங்கன்னு உங்களுக்குத் தெரியும்ல? எனக்கு அந்த ஞாபகம்தான் வருது."

அவன் கை நின்றது.

சைரன் ஒரு வியாழக்கிழமை காலையில் அடித்தது. அரைகுறையாகத் தைத்த காலர் ஊசியில் மாட்டிக்கொண்டு நிற்க, பழக்கத்தில் அவள் விருட்டென்று எழுந்துவிட்டாள். டிக். கால் பூட்டிக்கொண்டது. குனிந்து பூட்டைத் தூக்குவதற்குள் இரண்டு அயர்ன்களும் வந்துவிட்டார்கள். ஒருவன் தோளை அழுத்தி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தான். மற்றவன் நாற்காலியின் முன்கால்களைப் பிடித்தான். நாற்காலி எழும்பியது.

"இருங்கப்பா, பூட்டு" என்றாள்.

"ஒண்ணுமில்லக்கா, பயப்படாதீங்க."

இடது கால் விறைத்து, பீரங்கி மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. முதல் படிவரிசை நேராக இருந்ததால் போய்விட்டார்கள். படி திரும்பும் இடத்தில் அந்தக் காலின் ஷூ சுவரில் முட்டியது. பின்னுக்கு இழுத்தார்கள், நாற்காலியின் முதுகு கைப்பிடிக் கம்பியில் சிக்கிக்கொண்டது. சுவருக்கும் கம்பிக்கும் நடுவே குறுக்குத் தாழ்ப்பாள் போட்டதுபோல் அவள் காலும் நாற்காலியும் கிடந்தன. ஒரு ஆள்கூட நுழைய வழியில்லை.

மேலே மொத்த மாடியும் வந்து நின்றது. அதே நேரத்தில் விளக்குகள் அணைந்தன. நிஜமாகவே தீப்பிடித்தால் கரண்ட் இருக்காது என்பதற்காக அதிகாரி அணைக்கச் சொல்லியிருந்தார்.

இருட்டில் கூட்டத்தின் குரலே மாறிவிட்டது. "என்னாச்சு?" "போங்கப்பா." "யாரு நிக்கிறது?" "அந்த அம்மாதான்." யாரோ தள்ள, முன்னால் இருந்தவர்கள் நாற்காலிமேல் சாய்ந்தார்கள். நாற்காலி முன்பக்கம் சரிந்தது. அவளுக்குக் கீழே இன்னொரு படிவரிசை இருட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. பெரிய அயர்ன் பின்னாலிருந்து அவள் இரண்டு கைகளையும் சேர்த்து மார்போடு இறுக்கிப் பிடித்திருந்தான். விழாமல் இருக்கத்தான். ஆனால் பூட்டைத் திறக்கிற கைகளும் அவைதான்.

"கையை விடு."

"ஒண்ணும் ஆகாதுக்கா."

"விடுடா, எருமை."

அவள் குரலில் என்ன இருந்ததோ, அவன் விட்டான். இருட்டில் தொடை வழியாகத் தடவி முட்டிக்கு வந்தாள். விரல் இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை பூட்டு மேலே ஏறியது. கால் மடிந்ததும் நாற்காலி தானாகத் தளர்ந்தது.

"கீழ வைங்க. காஜா, நாற்காலியத் தலைக்கு மேல வாங்கிப் பின்னாடி குடுத்துடு" என்று மேல் படியில் நின்ற காஜாக்காரியிடம் சொன்னாள்.

படியில் உட்கார்ந்தாள். உள்ளங்கை இரண்டும் பின்படியில், வலது காலை முன்னால் ஊன்றி, உடம்பைத் தூக்கி ஒரு படி இறக்கி, இடது காலை இழுத்துக்கொண்டு, மறுபடியும். சுவரை ஒட்டியே போனாள். மறுபக்கம் கூட்டம் இறங்கியது. பார்க்கவே முடியவில்லை, காதோரம் செருப்புகள் மட்டும் கேட்டன. ஒரு குதிகால் அவள் சுண்டுவிரலை மிதித்துவிட்டுப் போனது. ஒவ்வொரு செருப்புக்கும், இது என் கைமேல், இது என் முதுகுமேல் என்று உடம்பு சுருங்கியது. அழுதுகொண்டேதான் இறங்கினாள். ஆனால் நிற்கவில்லை.

அவள் தரைத்தளத்தைத் தொடும் முன்பே சைரன் ஓய்ந்துவிட்டது.

வாசலில் அதிகாரி தலையில் கை வைத்து நின்றார். "பார்த்தீங்களாம்மா? உங்க ஒருத்தரால மாடியே நின்னு போச்சு. நான் என்ன செய்ய முடியும்?"

"அவளாலயா சார்?" என்றாள் காஜாக்காரி. "நாற்காலி யாரு குடுத்தது?"

டிக்டிக் தரையில் உட்கார்ந்தே இருந்தாள். இப்போது வாயை மூடினால் பேக்கிங். திறந்தால் மறுபடியும் அந்தப் படி. எது பெரிய பயம் என்று யோசிக்க அவகாசம் இல்லை.

"இப்பவே இன்னொரு தடவை அடிங்க சார். என்னை யாரும் தொடக்கூடாது."

"விழுந்துட்டீங்கன்னா?"

"உட்கார்ந்திருக்கிறவ எங்க சார் விழுறது? தூக்கினாத்தான் விழுவேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தார். "சரி" என்றார்.

கைப்பிடியைப் பிடித்து அவள் மூன்று மாடி ஏறி முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். இரண்டாவது சைரனுக்கு அவள் எழுந்திருக்கவில்லை. மெஷினிலிருந்து அப்படியே தரைக்கு இறங்கி, தவழ்ந்து கதவுக்கு வந்து, சுவரோரம் சறுக்கிப் போனாள். விளக்கு இந்த முறையும் அணைந்தது. ஆனால் வாசல் வெளிச்சம் முகத்தில் விழுந்தபோது சைரன் இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

மறுநாள் அவளுடைய மெஷினைப் படிக்கட்டுக் கதவுக்குப் பக்கத்தில் போட்டார்கள். அதிகாரியின் யோசனை: அவள் முதலில் இறங்கட்டும், சுவர்ப்பக்கம் அவளுக்கு, கைப்பிடிப் பக்கம் மற்றவர்களுக்கு. நியாயமான யோசனைதான். அவளும் ஒத்துக்கொண்டாள்.

உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. இத்தனை வருஷம் மற்றவர்களின் முதுகைப் பார்த்துத் தைத்தவளுக்கு இப்போது மாடி முழுவதும் எதிரே இருந்தது. வரிசை வரிசையாக மெஷின்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு ஜோடி கால். சைரன் அடித்தால் இத்தனையும் அவளை நோக்கித்தான் வரும்.

"என்னக்கா, எல்லாரையும் எண்ணுற மாதிரி பார்க்கிற?" என்று காஜாக்காரி தூரத்திலிருந்து கேட்டாள்.

"உன் குதிகால்தான் நேத்து என் விரலை மிதிச்சதான்னு பார்க்கிறேன்."

வீங்கிய சுண்டுவிரலை மடக்கி வைத்துக்கொண்டு, முதல் காலரை ஊசிக்கடியில் தள்ளி, வலது காலால் மிதித்தாள்.