குவித்த வள்ளமும் வழித்த வள்ளமும்

"மண்டியில தானியம் தூத்துற மாரப்பன் போய்ட்டாருங்க, வாத்தியாரே" என்று சந்தைக்குப் போய்வந்த ஒருவர் சொன்னார். மண்டிக்காரர்கள் இரங்கல் கூட்டம் போடுகிறார்களாம், நான் பேச வேண்டுமாம். இருந்தவரை அவரை 'ஏய்' என்று கூப்பிட்ட வாய்களுக்கு இப்போது 'ஐயா' வந்துவிட்டது. வெட்கங்கெட்ட வாய்கள்.

நானும் யோக்கியன் இல்லை. தமிழும் கன்னடமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், ஒன்று தெரிந்தால் மற்றது தானே விளங்கும் என்று நாமகிரிப்பேட்டை முழுக்கப் பீற்றித் திரிந்த பள்ளிக்கூட வாத்தியார் நான்தான்.

யுத்த காலத்தில் மைசூர்ச் சீமை வண்டிக்காரன் ஒருவன் கேழ்வரகு கொண்டுவந்தான். கன்னடம் தவிர வேறு தெரியாது. மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். சீட்டில் நூறு பள்ள என்று அளவு போட்டிருந்தது. "அங்கே பள்ள, இங்கே வள்ளம், இரண்டும் ஒன்றுதான்" என்றேன். அளக்கும் பாத்திரங்களும் ஒரே அளவு. ஆனால் எங்கள் ஆட்கள் அளந்தபோது எண்பத்தைந்துதான் தேறியது. திருடன் என்று முடிவு கட்டி அவனுடைய மாடுகளை அவிழ்த்துக் கட்டிவிட்டார்கள். அவன் அழுதுகொண்டே உள்ளங்கையைப் படுக்கையாக வைத்துக் காற்றில் இழுத்துக் காட்டினான். "எல்லாம் துடைத்தாயிற்று, விற்றுவிட்டேன் என்கிறான்" என்று நான் மொழிபெயர்த்தேன். மண்டி முதலாளி அவனைக் கன்னத்தில் அறைந்தார்.

மாரப்பன் முறத்தைக் கீழே போட்டுவிட்டு வந்தார். வள்ளத்தை எடுத்து வண்டிக்காரன் கையில் கொடுத்தார். "நீயே அள சாமி" என்றார். அவன் ஒவ்வொரு வள்ளத்தையும் நிரப்பி, அதே உள்ளங்கையால் மேலே வழித்துத் தள்ளிவிட்டு அளந்தான். நாங்களோ கோபுரமாகக் குவித்து அளப்பவர்கள். சரியாக நூறு வந்தது.

"பாசை தெரியலீன்னா கண்ணுமாங்க தெரியாது?" என்று மாரப்பன் என்னைக் கேட்டார். முதலாளி அசடு வழியச் சிரித்தார். யாரும் மாடுகளைப் பூட்டிக்கொடுக்கவில்லை, மாரப்பன்தான் பூட்டினார்.

"மொதல்ல அளந்து பாக்கோணும், அப்பறம் பேசோணும்" என்பார் அவர். பேச்சு ஒன்றையே பிழைப்பாக வைத்திருக்கும் எங்களுக்கு அது ஏறவே இல்லை. மண்டிக்காரர்களே, உங்கள் கூட்டத்தில் நான் பேசப்போவது இவ்வளவுதான். அவருக்கு மாலை வாங்கிய பணத்தில் அந்த வண்டிக்காரனைத் தேடிப் போயிருக்கலாம்.

மாரப்பனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு கேள்வி. அன்று வண்டி கிளம்பியபோது மன்னிப்புக் கேட்கப் பின்னாலேயே ஓடினேன். வண்டிக்காரன் வீங்கிய கன்னத்தோடு திரும்பிப் பார்த்தான். எனக்குக் கன்னடத்தில் ஒரு சொல்லும் வரவில்லை.